சரியாக 4 காரணிகள் உள்ள எண்கள் எத்தனை?

1 முதல் 100 வரை பகா எண்கள் 25. அதாவது, 2 காரணிகள் மட்டும் உள்ளவை 25. சரி, சரியாக 4 காரணிகள் உள்ளவை எத்தனை? நான் முதலில் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்து எண்ணினேன். இரண்டு தடவை எண்ணினேன், இரண்டு விடை வந்தது. கீழே உள்ள வழியில் அந்தத் தொல்லை இல்லை.

படி 1: எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரியுங்கள். 12 = 2×2×3. ஒரு காரணியை உருவாக்க 2-ஐ எடுக்காமலே விடலாம், ஒன்றை எடுக்கலாம், இரண்டையும் எடுக்கலாம்: 3 வழி. 3-ஐ எடுக்கலாம், விடலாம்: 2 வழி. ஆகவே 12-க்கு 3×2 = 6 காரணிகள். சுருக்கமாக, ஒவ்வொரு அடுக்கோடும் (அதாவது, அந்தப் பகா எண் எத்தனை தடவை வருகிறதோ அதோடு) 1 கூட்டிப் பெருக்க வேண்டும்.

படி 2: இப்போது பின்னாலிருந்து வருவோம். பெருக்கினால் 4 வர, 2×2 அல்லது வெறும் 4. எனவே நமக்கு வேண்டியவை இரண்டே வகை: வெவ்வேறு பகா எண்கள் இரண்டின் பெருக்கல் (6, 10, 15 போல), அல்லது ஒரு பகா எண்ணின் கனம். கனங்கள் 8, 27 மட்டுமே, அடுத்தது 125.

படி 3: ஜோடிகளைச் சிறிய எண்ணை வைத்து எண்ணுங்கள்.

2-உடன்: 3 முதல் 47 வரை, 14
3-உடன்: 5 முதல் 31 வரை, 9
5-உடன்: 7 முதல் 19 வரை, 5
7-உடன்: 11, 13 ஆக 2

11×13 = 143, அதோடு நிறுத்தலாம். மொத்தம் 30, கனங்களோடு 32. பகா எண்களையே மிஞ்சிவிட்டது! பலர் 5×5-ஐயும் ஜோடியாகச் சேர்த்துவிடுவார்கள். 25-க்கு 3 காரணிகள்தான்.

படி 4: மற்றவையும் இதே முறைதான். 1 காரணி: 1 எண். 3 காரணிகள்: 4. 5: 2. 6: 16. 7: 1. 8: 10. 9: 2. 10: 2. 12: 5. அந்த ஐந்தில் சிறியது 60. தனக்கு முந்தைய எல்லா எண்களையும் காரணி எண்ணிக்கையில் மிஞ்சும் இப்படிப்பட்ட எண்களைப் பற்றித்தான் ராமானுஜன் 1915-இல் நீண்ட கட்டுரை எழுதினார்.

படி 5: சரிபார்க்க, 2-க்கான 25, 4-க்கான 32 இரண்டையும் சேர்த்து எல்லாவற்றையும் கூட்டுங்கள், 100 வரும். எனக்கு அது போதவில்லை. ஓர் எண்ணை வேறு வரிசையில் தவறாகப் போட்டாலும் 100 வந்துவிடுமே! அதனால் இன்னொன்று: காரணி எண்ணிக்கையை எண்களின் எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டினால் 482. இதையே வேறு பக்கமிருந்தும் பெறலாம். 100 வரை 7-ஆல் வகுபடுபவை 14, அதாவது 7 காரணியாக 14 தடவை வருகிறது. அப்படி 100-ஐ 1, 2, 3 என்று 100 வரை வகுத்து, மீதியை விட்டு ஈவுகளை மட்டும் கூட்டிப் பாருங்கள். அதுவும் 482.