பாலிமர் கிளே மேசையில் தூசி, கறை, பிசுக்கு வராமல் பார்த்துக்கொள்வது எப்படி?

பாலிமர் கிளேயில் குட்டி வாழையிலைச் சாப்பாடு செய்பவர்களுக்குத் தெரியும்: இலை எளிது, பொரியல் எளிது, சாம்பார் எளிது. சோறுதான் சோதிக்கும். வெள்ளைக் கிளேயில் ஒரே ஒரு நீல நூலிழை விழுந்துவிட்டால் போதும், பார்ப்பவர் கண் நேராக அங்கேதான் போகும். பிசைவது, சுடுவது பற்றி இங்கே எழுதவில்லை. மேசையை மட்டும் பார்ப்போம்.

பாலிமர் கிளே மண் அன்று. பிவிசி தூளும் நிறமியும், அவற்றை இளக்கமாக வைத்திருக்கும் பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய் போன்ற திரவமும் சேர்ந்த பிளாஸ்டிக் அது. சுடும்வரை அந்தத் திரவம் கிளேயிலிருந்து மெல்லக் கசியும். தூசி ஒட்டிக்கொள்வதும் மேசை பாழாவதும் இந்தப் பிசுக்கால்தான்.

முதல் படி, அடித்தளம். வீடு கட்டும்போது மிஞ்சிய பளபளப்பான வெள்ளை டைல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் டைல்ஸ் கடையில் ஒற்றை டைலாகக் கேட்டுப் பாருங்கள். கைவினைக் கடைகளில் விற்கும் விலையுயர்ந்த பாய்கள் எதுவும் இதற்கு ஈடாகாது என்பது என் உறுதியான கருத்து. டைலில் கசிவு இறங்காது, பிளேடால் கீறல் விழாது, செய்த பொருளை அப்படியே ஓவனுக்குள் வைத்துவிடலாம். வார்னிஷ் அடித்த மர மேசையில் கிளே உருண்டையை இரவு முழுவதும் விட்டால் வார்னிஷ் இளகிப் பிசுபிசுத்துவிடும். பூப்போட்ட பிளாஸ்டிக் மேசை விரிப்பும் வேண்டாம். செய்தித்தாள் கூடவே கூடாது: மையை கிளே உறிஞ்சிக்கொள்ளும், தலைப்புச் செய்தி இடவலம் மாறி உங்கள் சோற்றில் அச்சாகிவிடும்.

இரண்டாவது, காற்று. சென்னையில் மின்விசிறி இல்லாமல் உட்கார முடியாது, அது சுழன்றால் நூலும் தூசியும் பறக்கும். என்னை நெடுநாள் படுத்திய இடம் இதுதான். மூன்று மாற்றங்களில் தீர்ந்தது. மேசையை விசிறிக்கு நேர் கீழே போடாமல் சுவரோரம் நகர்த்தினேன். பெருக்கிய கையோடு வேலையைத் தொடங்காமல், தரையை ஈரத்துணியால் துடைத்துச் சற்று நேரம் விட்டேன். மூன்றாவது உடை. புதுப் பருத்தித் துணியும் பூந்துவாலையும் நூல் உதிர்க்கும். பலமுறை துவைத்த வெளிர்நிற உடையில் உட்கார்ந்தால் ஓரிரு இழை விழுந்தாலும் வெள்ளையில் தெரியாது. கை துடைக்கத் துவாலைக்குப் பதில் பேபி வைப்ஸ் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, கை. சோப்புப் போட்டுக் கழுவிய கையிலும் ரேகைகளுக்குள் பழைய நிறம் ஒளிந்திருக்கும். முதலில் துளி தேங்காய் எண்ணெய் தேய்த்து, பிறகு சோப்பால் எண்ணெய்ப்பசை போகக் கழுவிக் காயவிடுங்கள். அடுத்து, வீணான வெள்ளைக் கிளேயில் ஓர் உருண்டையைக் கையில் நன்றாக உருட்டுங்கள். கையில் மிஞ்சிய அழுக்கை அது எடுத்துக்கொண்டு சாம்பல் நிறமாகும். உருட்டிய பிறகும் உருண்டை நிறம் மாறாமல் வெள்ளையாகவே வரும்வரை புதிது புதிதாக உருட்டிவிட்டு, நல்ல கிளேயைத் தொடுங்கள். நிறங்களின் வரிசையும் முக்கியம்: சோறு முதலில், பருப்பின் மஞ்சள் அடுத்து, இலையின் பச்சை, கடைசியில் ஊறுகாயின் சிவப்பு. சிவப்பு கையை விட்டு எளிதில் போகாது.

நான்காவது, துடைப்பு. ஒவ்வொரு நிறம் மாறும்போதும் டைலையும் பிளேடையும் உருளையையும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். மருந்துக் கடையில் கேளுங்கள். மின்னணுப் பலகை துடைக்கவும் இதுவே பயன்படுவதால் ரிச்சி தெருவிலும் கேட்கலாம். எளிதில் தீப்பிடிக்கும், ஆகவே அடுப்புக்கும் விளக்குக்கும் அருகில் வேண்டாம், மூடியைத் திறந்து வைக்கவும் வேண்டாம்.

ஐந்தாவது, எடுத்து வைப்பது. பார்சல் சாப்பாடு வரும் டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 5 என்றால் பாலிபுரோப்பிலீன், தாராளமாக வைக்கலாம். 6 என்றால் பாலிஸ்டைரீன்; பிளாஸ்டிசைசர் அதை அரித்து, டப்பாவும் கிளேயும் ஒன்றாக ஒட்டிவிடும். வெயில் படும் ஜன்னல் ஓரம், நிறுத்திய கார் இரண்டும் ஆகாது. அந்தச் சூட்டிலேயே கிளே பாதி இறுகத் தொடங்கிவிடும்.

பிற்சேர்க்கை: அக்கினி நட்சத்திர நாட்களில் கிளே குழைந்து டைலில் ஒட்டுகிறது, டைலைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுக்கலாமா என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். நம் ஊர் ஈரக்காற்றில் வெளியே எடுத்தவுடன் டைல் முழுவதும் முத்து முத்தாக நீர் கோத்துக்கொள்ளும். அதற்குப் பதில் கிளேயைத் தட்டையாக்கி, அச்சில்லாத இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்து மேலே கனமான புத்தகத்தை ஏற்றுங்கள். தாள் எண்ணெய்க் கறையாகும் அளவுக்குத் திரவம் இறங்கி கிளே கெட்டிப்படும். அவ்வப்போது எடுத்துப் பாருங்கள், அதிகம் விட்டால் உதிரத் தொடங்கும்.

இன்னொரு கேள்வி, சுட்ட பிறகு கண்ணில் படும் தூசி. சுடாத கிளே என்றால் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் ஒரே திசையில் மெல்ல இழுத்தாலே இழை வந்துவிடும். சுட்டதற்கு அசிட்டோன் வேண்டும். அசிட்டோன் கலந்த நகப்பூச்சு நீக்கி போதும். குச்சியை நனைத்து, பிழிந்து, அந்தப் புள்ளியை மட்டும் லேசாகத் தேய்த்து நிறுத்துங்கள். அழுத்தித் தேய்த்தால் அந்த இடம் மங்கிவிடும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள்.