பிளாஸ்மா டோர்ச் வாங்கியவர்கள் முதலில் கொம்பிரசரைப் பாருங்கள்

கிளிநொச்சியில் ஒட்டு (வெல்டிங்) பட்டறை வைத்திருக்கிறேன். விதைப்புக்கு முன் உழவு இயந்திரப் பெட்டிகளும் கலப்பைகளும் வாசலில் வரிசையாக நிற்கும். உலோகத் தகடு வெட்டும் பிளாஸ்மா மெஷினைப் புதிதாக வாங்கும் தம்பிமார் என்னிடம் கேட்பது, எத்தனை அம்பியரில் வைப்பது என்றுதான். ஆனால் டோர்ச்சின் உயிர் கொம்பிரசர் அனுப்பும் காற்றில் இருக்கிறது.

டோர்ச்சுக்குள் செம்பு எலக்ட்ரோட், அதன் நுனியில் ஹாஃப்னியம் என்ற உலோகப் பொட்டு. அதை மூடினாற்போல் சிறு துளையுள்ள செம்பு நொசில். இரண்டுக்கும் இடையில் சுழன்று வரும் காற்றில் முதலில் சின்ன ஆர்க் (மின்வில்) பிடிக்கும்; தகட்டை நெருங்கியதும் தகட்டுக்குத் தாவும். நொசில் துளை அதை நெருக்க நெருக்க, காற்று 20,000 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேறி மின்சாரம் கடத்தும் பிளாஸ்மாவாகிறது. இரும்பை உருக்கி, உருகியதைக் கீழே ஊதியும் விடுகிறது. காஸ் வெட்டில் இரும்பு ஒட்சிசனில் எரிய வேண்டும். எவர்சில்வரும் அலுமினியமும் அப்படி எரியாது. பிளாஸ்மாவுக்கு அந்தத் தடை இல்லை.

இந்தச் சுழல் காற்றுதான் ஆர்க்கை நடுவில் பிடித்து நொசிலையும் குளிரவைக்கிறது. அதில் தண்ணீரோ எண்ணெயோ கலந்தால் ஹாஃப்னியம் விரைவில் குழிந்துவிடும், துளை கோணும், வெட்டு சரியும். கார்த்திகை, மார்கழி ஈரத்தில் கொம்பிரசர் தாங்கிக்குள் தண்ணீர் சேர்ந்துகொண்டே இருக்கும். தினமும் காலையில் அடி வால்வைத் திறந்து வடியுங்கள். மெஷினுக்கு முன்னால் நீர் பிரிக்கும் பில்டர் கட்டாயம். அழுத்தத்தைக் காற்று ஓடும்போதே பாருங்கள். சிறிய மெஷின்களில் பெரும்பாலும் 5 பார் அளவில் நிற்கும்.

சரி, வெட்டுவோம். எர்த் கிளிப்பைத் துருவும் பெயின்டும் சுரண்டிய இடத்தில் மாட்டுங்கள். தகட்டின் ஓரத்திலிருந்து தொடங்குங்கள். நடுவில் துளைப்பதானால் டோர்ச்சைச் சரித்துப் பிடித்து, தீப்பொறி கீழே இறங்கியதும் நிமிர்த்துங்கள். வேகத்தைப் பொறியே சொல்லும்: அடிப்பக்கம் சற்றுப் பின்தள்ளிப் பாய்ந்தால் சரி, மேலே தெறித்தால் ஓட்டம் அதிகம். வெட்டி முடிந்தும் காற்று கொஞ்ச நேரம் வரும். அது நிற்கும்வரை மெஷின் சுவிட்சை அணைக்காதீர்கள்.

கப்பல் கட்டும் துறைகளில் இதே டோர்ச்சைக் கணினி ஓட்டுகிறது. வேறு வகை டோர்ச்சால் விமான எஞ்சினின் டர்பைன் இதழ்களுக்கு வெப்பம் தாங்கும் பீங்கான் பூச்சு தெளிக்கிறார்கள், ஆபத்தான கழிவை உருக்கிக் கண்ணாடியாக்குகிறார்கள்.

சாதாரண வெல்டிங்கைவிட இதில் வோல்ட் மிக அதிகம், 200க்கு மேலும் போகும். ஈரத் தரையில் நின்று வெட்டவே கூடாது. நாகம் (சிங்க்) பூசிய தகட்டின் புகையைச் சுவாசிக்காதீர்கள். மூடிய பீப்பாயை வெட்டாதீர்கள். போர் நடந்த எங்கள் மண்ணில் பழைய இரும்போடு வெடிக்காத குண்டும் வரலாம். இன்னதென்று தெரியாத துண்டுக்கு டோர்ச் காட்டாதீர்கள். கையும் வைக்காமல் ஆட்களை விலக்கிவிட்டுப் பொலிசுக்குச் சொல்லுங்கள்.