பிள்ளைகள் தலையில் பேன் தொல்லையா? மருந்து பாதி, சீப்பு மீதி

பள்ளிக்கூடம் திறந்து கொஞ்ச நாள்தான் ஆகும், என் இரண்டு பெண்களும் தலையைச் சொறிய ஆரம்பித்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் பேனை ஒழித்த முறை இதுதான்.

1. வெளிச்சத்தில் உட்காரவைத்து, காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் வகிடு பிரித்துப் பாருங்கள். பொடுகு தட்டினால் உதிரும். ஈர் உதிராது, முடியோடு ஒட்டிக்கொண்டு, நகத்தால் உருவினால்தான் வரும்.

2. மருந்துக்கடையில் 1% பெர்மெத்ரின் லோஷன் கிடைக்கும். எண்ணெய்த் தலையில் போடாதீர்கள். ஷாம்பு போட்டு அலசி (கண்டிஷனர் வேண்டாம்), துவட்டி, ஈரப்பதமான முடியில் வேரிலிருந்து தடவி, 10 நிமிடத்தில் அலசுங்கள். கைக்குழந்தை என்றால் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம்.

3. இனிதான் உண்மையான வேலை. பிளாஸ்டிக் பேன் சீப்பு காசுக்குக் கேடு, பல் வளைந்து ஈரை விட்டுவிடும். நெருக்கமான நீளப் பல் உள்ள இரும்புச் சீப்பு வாங்குங்கள். முடியைச் சின்னச் சின்னப் பிரிவாகக் கிளிப் போட்டு, சீப்புப் பல் தலைத்தோலைத் தொட்டு, நுனிவரை ஒரே இழுப்பாக இழுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடையுங்கள். பழுப்பாக, எள்ளளவில் ஊர்கிறதே, அதுதான் பேன்.

4. பேன் செத்தாலும் ஈர் பிழைத்துக்கொள்ளும். அது பொரிய 7 முதல் 10 நாள் ஆகும். அதனால் 9ஆம் நாள் மறுபடி லோஷன். நடுவில் மூன்று நாளுக்கு ஒருமுறை சீப்பு. இந்த இரண்டாவது சுற்றை விட்டவர்கள் வீட்டில்தான் பேன் "திரும்பி வருகிறது". வீட்டில் எல்லோர் தலையையும் பாருங்கள், பாட்டி தலை உட்பட.

தலையணை உறை, துண்டு, ரிப்பன் எல்லாம் வெந்நீரில் துவைத்தால் போதும். தலையைவிட்டு விழுந்த பேன் இரண்டு நாள்கூடத் தாங்காது. வீடு முழுக்க மருந்தடிக்கத் தேவையில்லை.

மண்ணெண்ணெய், எறும்புப் பொடி கூடவே கூடாது. எண்ணெயில் கற்பூரம் கலந்து தேய்ப்பதையும் விட்டுவிடுங்கள்; தோல் வழியாக உள்ளே போய்ச் சின்னக் குழந்தைகளுக்கு வலிப்பு வரவைக்கும்.

பின்சேர்க்கை: விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் ராத்திரியில் அரிக்கிறது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அது பேன் இல்லை, சிரங்காக இருக்கலாம். சிரங்கை உண்டாக்கும் பூச்சி தோலுக்குள் வளை போடும். அதற்கு 5% பெர்மெத்ரின் கிரீம், கழுத்துக்குக் கீழே உடம்பு முழுக்க, ராத்திரி தடவிக் காலையில் குளிக்கவேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை. அரிப்பு இல்லாதவர்களும் சேர்த்து வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் போடவேண்டும். முதலில் தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.