கொசுவின் கண் அறியாமல் செய்யும் தவறுகள்

பாம்பனில் எங்கள் தெருவில் பாதி ஆண்கள் பகலில்தான் தூங்குவார்கள். இரவெல்லாம் கடலில் கிடந்து, விடிகிற நேரத்தில் கரையேறி, மீனை ஏலத்தில் விட்டுவிட்டுக் கஞ்சி குடித்துத் திண்ணையில் சாயும்போது காலை எட்டு, ஒன்பது ஆகிவிடும். கொசுவலை அப்போது மடித்துப் பரணில் இருக்கும். வலை இரவுக்குத்தானே என்பார்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்திக்கு இதைவிட நல்ல ஏற்பாடு வேண்டியதில்லை. விடிந்த பின் சில மணி நேரமும் பொழுது சாய்வதற்கு முந்தைய சில மணி நேரமும்தான் அது கடிக்கத் தேடி அலையும் வேளை. கருவாடு காயப்போட்ட கையோடு பிள்ளையைத் தூளியில் போட்டுவிட்டுச் சமைக்கப் போகும் பெண்களும் இதே தவறைத்தான் செய்கிறார்கள். பகலில் யார் தூங்கினாலும் வலை வேண்டும்.

விளக்கு வைக்கும் நேரத்தில் கொல்லைக் கதவைச் சாத்தச் சொல்வாள் என் அப்பாயி. லட்சுமிக்காகச் சொன்னாளோ கொசுவுக்காகச் சொன்னாளோ, கியூலக்ஸ் என்ற இரவுக் கொசுவுக்கு அது சரியான நேரம். ஏடிஸுக்குத் தாமதம், விளக்கு ஏற்றும்போது அது உள்ளே வந்து கட்டிலடியில் உட்கார்ந்திருக்கும். நான் ஐந்து மணிக்கே சாத்திவிடுகிறேன்.

கொசு என்று ஒரே பெயரில் சொல்கிறோம். ஆனால் நம் வீட்டுக்கு வருபவை வேறு வேறு நேரக்காரர்கள். யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலக்ஸும், ராமேசுவரம் தீவில் நெடுங்காலமாக மலேரியாவை விடாமல் வைத்திருந்த அனாபிலிஸ் வகைகளும் இரவாளிகள். இந்த நேரக்கணக்கு உடலின் கடிகாரத்தில் இருக்கிறது. அந்தக் கடிகாரத்துக்குப் பொழுதைச் சொல்வதில் கண்ணுக்குப் பெரும்பங்கு உண்டு. கொசுவின் கூட்டுக்கண் சில நூறு சிறு கண்ணறைகளால் ஆனது. ஒவ்வொன்றின் மேலும் ஒரு வில்லை, உள்ளே எட்டு ஒளியுணர் செல்கள். இரவுக் கொசுக்களின் கண்ணறைகள் கிடைக்கிற மங்கல் ஒளியை முடிந்தவரை வாரிக்கொள்ளும்படி அமைந்தவை. அதற்கு விலையாகக் கூர்மை போய்விடுகிறது. பகலில் பறக்கும் டாக்சோரிங்கைட்டிஸ் என்ற பெரிய கொசுவுக்கு இதைவிடக் கூரிய பார்வை. அது இரத்தமே குடிப்பதில்லை. அதன் புழு மற்றக் கொசுப்புழுக்களைத் தின்னும். கொசுக்களிலும் நல்லவர் உண்டு.

அடுத்தது நான் காசு கொடுத்துச் செய்த தவறு. நீல விளக்கு எரிய, பூச்சி விழுந்தால் படபடவென்று பொரியும் ஒரு கருவியை வாங்கி மாட்டினேன். சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு கொசு ஒழிந்தது என்று திருப்தி. ஒரு நாள் காலையில் அடித்தட்டை வெள்ளைத்தாளில் கவிழ்த்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அந்துப்பூச்சிகள், ஈசல் சிறகுகள், கடுகளவு வண்டுகள். கொசு என்று சொல்லத்தக்கவை இரண்டு. அவற்றில் ஒன்றின் உணர்கொம்பு தூரிகைபோலப் புசுபுசுவென்றிருந்தது. ஆண் கொசு என்பதற்கு அதுவே அடையாளம். ஆண் கடிப்பதே இல்லை. அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் இப்படிப்பட்ட கருவிகளில் மாண்ட பூச்சிகளை எண்ணி 1996இல் வெளியிட்டார்கள்: மொத்தம் 13,789, அவற்றில் கடிப்பவை 31. என் தட்டு அவ்வளவு மோசமில்லை என்று தேற்றிக்கொண்டேன்.

பசித்த பெண் கொசு விளக்கைத் தேடி வருவதில்லை. அது தேடுவது மூச்சை. நாம் விடும் கரியமில வாயு பத்து மீட்டருக்கு அப்பாலிருந்தே அதற்குத் தெரியும். அந்த வாடை பட்ட பிறகுதான் ஏடிஸின் கண்ணுக்கு வேலை வருகிறது: சுற்றுமுற்றும் கருமையாக, தனித்துத் தெரிகிற பொருளை நாடிப் போகிறது. வாடை இல்லாதபோது அதே கரும்பொருளைக் கண்டுகொள்ளாமல் பறந்துவிடும். 2021இல் வெளியான ஓர் ஆய்வில், ஏடிஸின் கண்ணில் உள்ள ஆப்சின் என்ற ஒளியுணர் புரதங்களில் இரண்டை மரபணு மாற்றத்தால் நீக்கிப் பார்த்தார்கள். கொசு குருடாகவில்லை, வெளிச்சம் தெரிந்தது. ஆனால் வாடை பட்டும் கரும்புள்ளியை நாடிப் போகவில்லை.

நிறத்திலும் இதே கதைதான். கரியமில வாயு பட்ட ஏடிஸ் சிவப்பு, ஆரஞ்சு, கருப்பு, வெளிர்நீலப்பச்சை ஆகியவற்றை நோக்கிப் போனதும், பச்சையையும் வெள்ளையையும் பொருட்படுத்தாததும் 2022இல் பதிவானது. ஆகவே கருப்புக் கைலியைவிட வெளிர்நிறம் மேல். ஆனால் வெள்ளைச் சட்டை போட்டாயிற்று என்று நிம்மதியாக இருப்பதும் தவறுதான். நம் தோல், மாநிறமோ கருப்போ, அதிகம் திருப்பி அனுப்புவது ஆரஞ்சு, சிவப்புப் பக்கத்து ஒளியையே. திறந்திருக்கும் கணுக்கால் கொசுவுக்குப் பலகை எழுதி மாட்டியதுபோல. கிட்ட வந்துவிட்டால் கண்கூடத் தேவையில்லை: உடம்பின் அகச்சிவப்புக் கதிரை ஏடிஸ் சுமார் 70 செ.மீ. தொலைவிலேயே உணர்கொம்பின் நுனியால் அறிகிறது என்று 2024இல் கண்டறிந்தார்கள். விளக்கை அணைத்தால் கொசுவுக்கு நம்மைத் தெரியாது என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

அதற்காக இரவெல்லாம் டியூப்லைட்டை எரிய விடுவதும் கூடாது. இரவில் செயற்கை வெளிச்சம் பட்ட ஏடிஸ், அடங்கியிருக்க வேண்டிய நேரத்திலும் கூடுதலாகக் கடித்ததை 2020இல் ஆய்வகத்தில் பார்த்தார்கள். வேடிக்கை என்னவென்றால், ஆப்பிரிக்க மலேரியாக் கொசுவான அனாபிலிஸ் காம்பியே மீது இரவில் சில நிமிடம் வெளிச்சம் காட்டினால் அது கடிப்பதைக் குறைத்துக்கொள்கிறது. ஒரே விளக்கு, ஒன்றை அடக்குகிறது, ஒன்றை எழுப்புகிறது. ‘கொசுவை விரட்டும் விளக்கு’ என்று எவராவது விற்க வந்தால், எந்தக் கொசுவை என்று கேளுங்கள்.

கடைசியாக, தண்ணீர் டிரம். நம் மாவட்டத்தில் தண்ணீரைச் சேர்த்து வைக்காமல் வாழ முடியாது. தள்ளுவண்டியில் குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றியதைக் கொட்டச் சொன்னால் அடிக்க வருவார்கள். சோதிக்க வருபவர்கள் மூடியைத் திறந்து, குனிந்து எட்டிப் பார்த்து, புழு இல்லை என்று போய்விடுகிறார்கள். கொசுப்புழுவுக்கும் கண் உண்டு. மேலே நிழல் விழுந்த நொடியில் அத்தனையும் நெளிந்துகொண்டு அடியில் போய்விடும். குனிந்தவர் தலையே அந்த நிழல். நானும் பல வருடம் இப்படித்தான் ஏமாந்தேன். இப்போது மூடியைத் திறந்ததும் ஒதுங்கி நின்றுகொள்கிறேன். மூச்சுக்கு மேலே வந்துதானே ஆக வேண்டும்? சில நிமிடத்தில் ஒன்று, இரண்டு, பிறகு கூட்டமாக, வாலை மேலே நீட்டித் தலைகீழாகத் தொங்கும். பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்தால் தெளிவாகத் தெரியும். படுக்கைவாட்டில் மட்டமாகக் கிடந்தால் அனாபிலிஸ்.

புழுவைக் கண்டு தண்ணீரை மாற்றினாலும், டிரம்மின் உட்சுவரைத் தேய்க்காமல் விடுவதுதான் பெரும்பாலோர் செய்வது. ஏடிஸ் தன் முட்டையை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரச் சுவரில் ஒட்டுகிறது. தண்ணீர் வண்டி வராமல் டிரம் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் அந்த முட்டை சாகாது. அடுத்த முறை நிரப்பும்போது பொரியும். தேங்காய் நார் போதும், கொஞ்சம் அழுத்தித் தேய்க்க வேண்டும்.