காமா கதிர் வெடிப்பின் பின்னொளியைப் பதிவு செய்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1999 ஜனவரி 23 அன்று காம்ப்டன் விண்கலம் ஒரு காமா கதிர் வெடிப்பை, அதாவது தொலைதூர விண்வெளியிலிருந்து சிறிது நேரமே பீறிடும் காமா கதிர்களை, உணர்ந்து தகவல் அனுப்பியது. அமெரிக்காவின் லாஸ் அலமோசில் தானாகவே இயங்கிய ரோட்சி-1, வெடிப்பு தொடங்கிய 22ஆம் விநாடியில் முதல் படத்தை எடுத்துவிட்டது. நான்கு கேமரா லென்சுகளைச் சேர்த்துக் கட்டிய சிறிய கருவி அது. முதல் படத்தில் ஏறத்தாழ 11.7 ஆக இருந்த பொலிவெண் அடுத்த 25 விநாடிகளில் 8.9ஐத் தொட்டு, பத்து நிமிடங்கள் ஆகும்போது 14ஐத் தாண்டி மங்கியிருந்தது (எண் குறைந்தால் ஒளி கூடுகிறது என்று பொருள்). அந்த முதல் படங்களுக்குத் தலா 5 விநாடிதான் ஒதுக்கப்பட்டிருந்தது. இரண்டு நிமிடத்தை ஒரே பதிவாக எடுத்திருந்தால் ஏற்றமும் உச்சமும் இறக்கமும் ஒரே அளவீட்டில் கரைந்துபோயிருக்கும்.

இரவு முழுவதற்கும் ஒரே பதிவு நேரத்தை வைத்துக்கொள்வதையே முதன்மையான தவறாக நான் கருதுகிறேன். பின்னொளி (வெடிப்பைத் தொடர்ந்து தோன்றி மங்கும் ஒளி) பெரும்பாலும் காலத்துக்கு ஏறத்தாழ எதிர்விகிதத்தில் மங்குவதால், முதல் நிமிடத்திலிருந்து பத்தாம் நிமிடத்துக்குள் 2.5 பொலிவெண் மங்கினால், அடுத்த 2.5 மங்குவதற்கு நூறாம் நிமிடம் வரை ஆகும். ஆகவே தொடக்கத்தில் 5, 10 விநாடிப் பதிவுகளை அடுக்கடுக்காக எடுத்து, பிறகு 30, 60, 120 என நீட்டிக்கொண்டே போகும்படி நிரலை எழுதிவைக்க வேண்டும். குறும்பதிவுகளைப் பின்னர் கூட்டிக்கொள்ளலாம். நீண்ட பதிவைப் பிரிக்க வழியில்லை. கடிகாரம் 5 விநாடி பிசகினால் நாற்பதாம் விநாடியின் அளவீடு கெட்டுவிடும் என்பதால், நேரத்தை ஜிபிஎஸ்ஸுடன் ஒத்திசைப்பதும், குறித்த நேரம் பதிவின் தொடக்கமா நடுவா என்று எழுதிவைப்பதும் கட்டாயம்.

துல்லியமான இடம் வரட்டும் என்று காத்திருப்பதும் தவறு. வெடிப்புகளைத் தேடும் ஸ்விஃப்ட் விண்கலம் முதலில் சில ஆர்க் நிமிடத் (ஒரு பாகையில் 60 ஆர்க் நிமிடம், ஓர் ஆர்க் நிமிடத்தில் 60 ஆர்க் விநாடி) துல்லியத்திலும், அதன் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி திரும்பிப் பார்த்த பிறகு சில ஆர்க் விநாடித் துல்லியத்திலும் இடத்தைச் சொல்கிறது. முதல் தகவலுக்கே தொலைநோக்கி நகர்ந்துவிட வேண்டும். ஃபெர்மி என்னும் மற்றொரு விண்கலம் தரும் இடமோ பல பாகை பிசகக்கூடும். குறுகிய பார்வைப் புலம் கொண்ட தொலைநோக்கியை அதன் நடுப்புள்ளியில் மட்டும் நிறுத்தினால் பெரும்பாலும் வெற்று வானமே கிடைக்கும்.

புதிதாக ஒரு புள்ளி தெரிந்தவுடன் அறிவித்துவிடவும் கூடாது. பழைய வான் வரைபடத்தில் அது இல்லை என்பதையும், அந்நேரம் அவ்வழியே சிறுகோள் எதுவும் செல்லவில்லை என்பதையும் உறுதிசெய்து, அடுத்தடுத்த படங்களில் மங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

முதல் படத்தில் ஒன்றுமில்லையென நிறுத்திவிடுவது மற்றொரு தவறு. 2006இல் இரு வெடிப்புகளின் பின்னொளி ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று நிமிடம் கழித்தே உச்சம் தொட்டதைச் சிலியிலுள்ள ரெம் தொலைநோக்கி பதிவு செய்தது. 2009 ஏப்ரல் 23இன் வெடிப்போ, செம்பெயர்ச்சி (பிரபஞ்சம் விரிவதால் ஒளியின் அலைநீளம் நீளும் அளவு; எண் கூடினால் தொலைவும் கூடும்) 8.2 என்னும் தொலைவில் நிகழ்ந்ததால், இடையிலுள்ள ஹைட்ரஜன் கட்புல ஒளியை விழுங்கிவிட, அகச்சிவப்பில் மட்டுமே தென்பட்டது. கட்புல ஒளியில் எதுவும் தெரியாததே அங்கு முக்கியத் தடயம். ஆதலால் வெற்றுப் படத்தையும், எந்த வடிகட்டியில், எந்த நேரத்தில், எந்தப் பொலிவெண் வரை தேடினோம் என்ற குறிப்போடு வெளியிட வேண்டும்.