மென்திசுப் புற்றுநோய்க் கணக்குகளைப் படிக்கும் முறை

பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் தசை, கொழுப்பு, இணைப்புத் திசு ஆகியவற்றில் தோன்றும் சர்கோமாவின் பங்கு ஏறத்தாழ 1 சதவீதம்தான். ஆகவே வளரும் நாடுகளில் புற்றுநோயாளிகளைப் பதிந்து எண்ணும் பதிவகங்களின் அறிக்கைகளில் இது ஒற்றை வரியாகவே நிற்கும். அந்த வரிக்குப் பின்னால் விடுபட்டுப்போன நோயாளிகள் பலர் இருப்பதால், அதை நிதானமாகப் படிக்க வேண்டும்.

முதலில் குறியீட்டைப் பாருங்கள். பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் 10ஆம் பதிப்பில் சி49 என்பது மென்திசு, சி46 என்பது இரத்த, நிணநீர்க் குழாய்களின் உட்சுவர்ச் செல்களில் தோன்றும் கபோசி சர்கோமா. கருப்பைத் தசையில் தோன்றும் சர்கோமாவோ கருப்பைக் கணக்கில் சேர்ந்துவிடும். உகாண்டாவின் கம்பாலாவில் 1950களிலேயே பதிவகம் தொடங்கப்பட்டது. எய்ட்ஸ் பரவியதைத் தொடர்ந்து, 1990களின் தொடக்கத்தில் அங்கே ஆண்களிடம் மிகுதியாகக் காணப்பட்ட புற்றுநோய் கபோசிதான். அதையும் சி49ஐயும் ஒன்றாகக் கூட்டினால் கிடைக்கும் எண் எதையும் உணர்த்தாது.

அடுத்து, இளையோர் மிகுந்த நாடுகளை ஒப்பிடும்போது வயது தரப்படுத்திய வீதத்தை, அதாவது எல்லா நாடுகளிலும் ஒரே வயதுப் பகிர்வு இருப்பதாகக் கொண்டு கணக்கிட்ட வீதத்தை, மட்டுமே எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு, நுண்ணோக்கியால் உறுதிசெய்யப்பட்டவர்களின் சதவீதத்தைத் தேடுங்கள். அது 100ஐ நெருங்கினால் மகிழ்ந்துவிட வேண்டாம். ஆய்வகம் வரை வந்து சேர்ந்தவர்கள் மட்டுமே எண்ணப்பட்டிருக்கலாம். தொடையில் வலியில்லாமல் வளரும் கட்டியைக் கொழுப்புக்கட்டி என்று எண்ணி அகற்றிவிட்டு, பயாப்சிக்கு (திசுப் பரிசோதனைக்கு) அனுப்பாமல் விட்டால், அந்த நோயாளி எந்தக் கணக்கிலும் வரமாட்டார்.

உயிர்பிழைப்பு விகிதத்தில்தான் மிகுந்த கவனம் தேவை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்: 100 பேரில் 30 பேர் 5 ஆண்டுக்குள் இறந்தது தெரியும்; 40 பேர் தொடக்கத்திலேயே தொடர்பில்லாமல் போய்விட்டார்கள். அந்த 40 பேரையும் உயிருடன் இருப்பதாகக் கொண்டால் விகிதம் 70 சதவீதம்; விலக்கிவிட்டால் 50; எல்லோரும் இறந்திருந்தால் 30. இறப்புப் பதிவேட்டை மட்டும் நம்பாமல், சென்னைப் பதிவகத்தைப் போல வீடு தேடிச் சென்று விசாரிக்கும் இடங்களின் எண்ணுக்கு எனவே கூடுதல் மதிப்புக் கொடுக்கிறேன். தொடர்பு விட்டுப்போனவர்களின் சதவீதத்தைச் சொல்லாத அறிக்கையை ஒப்பீட்டுக்கு எடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இரண்டு ஊர்களின் விகிதங்களை அருகருகே வைக்குமுன் குழந்தைகளின் ராப்டோமயோசர்கோமாவை (தசைத் திசு சார்ந்த சர்கோமாவை) தனியே பிரியுங்கள், 5 செ.மீ.க்கு மேற்பட்ட கட்டியோடும், நுரையீரலுக்குப் பரவிய நிலையிலும் வந்தவர்கள் ஒவ்வோர் ஊரிலும் எத்தனை பேர் என்றும் பாருங்கள்.