சுலோகத்தைப் பகிர்கிறீர்களா? யார் பெயரையெல்லாம் போட வேண்டும்?

"எது நடந்ததோ, அது நன்றாகவே நடந்தது." கடைச் சுவர், காலண்டர், வாட்ஸ்அப் என்று எங்கும் கீதாசாரமாக உலவுகிற வரி. கீதையின் 700 சுலோகங்களில் இப்படி ஒன்று கிடையாது. தெரியாமல் நானும் ஃபார்வர்டு செய்தவன்தான். பகிரும் முன் மூலத்தைத் தேடும் பழக்கம் அதற்கு அப்புறம்தான் வந்தது.

"கர்மண்யேவாதிகாரஸ்தே" சுலோகத்தையே எடுத்துக்கொண்டு செய்து பார்க்கலாம்.

1. முகவரி எழுதுங்கள். "கீதையில் சொன்னது" என்றால் போதாது. அத்தியாயம் 2, சுலோகம் 47 என்று எழுதுங்கள். 13ஆம் அத்தியாயத்தில் மட்டும் கொஞ்சம் கவனம் தேவை. சில பதிப்புகளில் அது அர்ஜுனனின் கேள்வியோடு தொடங்கும், சிலவற்றில் அந்தச் சுலோகமே இருக்காது. அதனால் எண் ஒன்று தள்ளிப்போகும்.

2. பதிப்பைச் சொல்லுங்கள். புனேயின் பண்டார்க்கர் ஆய்வு நிறுவனம் பல சுவடிகளை ஒப்பிட்டு மகாபாரதத்துக்குச் செம்பதிப்பு கொண்டுவந்தது. அதில் கீதை, பீஷ்ம பருவத்தின் 23 முதல் 40 வரையிலான அத்தியாயங்கள். நம் சுலோகம் அங்கே 6.24.47, அதாவது 6ஆம் பருவமான பீஷ்ம பருவம், 24ஆம் அத்தியாயம், 47ஆம் சுலோகம். இணையதளத்திலிருந்து காப்பி செய்தீர்கள் என்றால் தளத்தின் பெயரையும் போடுங்கள். தட்டச்சு செய்தவர், பிழை திருத்தியவர் பெயர்கள் பெரும்பாலும் பக்கத்தின் தலைப்பிலோ அடியிலோ இருக்கும். அவர்களில் பலர் சம்பளம் வாங்காமல் செய்தவர்கள்.

3. மொழிபெயர்ப்பாளரைக் கண்டுபிடியுங்கள். அதிகம் தவறு நடக்கும் இடம் இதுதான். மகாபாரதம் முழுவதையும் ஆங்கில உரைநடையாக்கி 1883 முதல் 1896 வரை வெளியிட்டார்கள். வெளியிட்டவர் பிரதாப சந்திர ராய், மொழிபெயர்த்தவர் கிசாரி மோகன் கங்குலி. ஆனால் மொழிபெயர்ப்பாளர் என்று ராயின் பெயரைப் போட்ட பட்டியல்களும் பதிப்புகளும் நிறைய உண்டு. அதனால் அட்டையோடு நிறுத்தாமல் முன்னுரையையும் புரட்டிப் பாருங்கள். பெயர் எங்குமே கிடைக்கவில்லையா? "மொழிபெயர்ப்பாளர் பெயர் தெரியவில்லை" என்றே எழுதுங்கள். ஊகித்து ஒரு பெயரை ஒட்டாதீர்கள்.

4. உங்கள் கை பட்டதையும் சொல்லுங்கள். நாகரியிலிருந்து தமிழ் எழுத்துக்கு மாற்றினீர்களா, சந்தி பிரித்தீர்களா, ஆங்கிலம் வழியாகத் தமிழாக்கினீர்களா? ஒரு வரி போதும். ஆங்கிலம் வழியே வந்ததை நேரடி மொழிபெயர்ப்பு என்று காட்டுவது சரியில்லை.

5. அனுமதி வேறு, நன்றி வேறு. மூலம் பழையது, யாருக்கும் உரிமை இல்லை. மொழிபெயர்ப்பு அப்படியல்ல. இந்தியச் சட்டப்படி மொழிபெயர்ப்பாளர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் அதற்குப் பதிப்புரிமை உண்டு. பாரதியார் 1921இல் மறைந்தார், அவருடைய கீதைத் தமிழாக்கத்தைத் தாராளமாக எடுக்கலாம். இன்று உள்ளவரின் மொழிபெயர்ப்பிலிருந்து முழு அத்தியாயத்தையும் போடுவதென்றால் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும், பெயர் போட்டால் மட்டும் போதாது.

சரி, எல்லாம் சேர்ந்தால் இவ்வளவுதான்:

*பகவத் கீதை 2.47 (மகாபாரதம் 6.24.47, பண்டார்க்கர் செம்பதிப்பு). தமிழாக்கம்: சுப்பிரமணிய பாரதி. தமிழ் எழுத்தில் மாற்றியது: நான்.*

படமாகப் பகிர்கிறீர்கள் என்றால் இந்த வரியைப் படத்துக்குள்ளேயே, சுலோகத்தை ஒட்டி வையுங்கள். கீழ் ஓரத்தில் வைத்தால் அடுத்த குரூப்புக்குப் போவதற்குள் யாராவது வெட்டிவிடுவார்கள்.